படக்கருவியின் ஆடி: தோற்றமும் மறைவும்

ஒரு தொழிலில் முதன்மை பெற்றோர் அம்முதன்மையை இழப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமாக அமைவதில்லை. தமக்கு வெற்றி தேடித் தந்த பொருளின்மீது அவர்கள் கொண்ட பற்றே பல வேளைகளில் அவர்களைப் பின்தங்கச் செய்துவிடுகிறது. தொழில் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உண்டு. அவற்றுள் நம் காலத்திலேயே நடந்தேறிய ஒன்றை இக்கட்டுரையிற் காண்போம்.

காமிரா என்று நாம் அனைவரும் வழங்கும் நிழற்படக் கருவியினுள்ளே ஒரு சிறிய ஆடி, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு துண்டு, பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாடிதான் 1959-ஆம் ஆண்டிற்குப் பின் ஜப்பானிய நிறுவனங்களை உலகத் தலைமைக்கு உயர்த்தியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டில், அதே நிறுவனங்கள் தம் சிறந்த கருவிகளிலிருந்து அவ்வாடியை எடுத்துவிடத் துணிந்தன. இன்று ‘மிரர்லெஸ்’ என்று வழங்கும் ஆடியில்லாக் கருவிகளே சந்தையில் மேலோங்கி நிற்கின்றன.

ஆடியை எடுத்துவிடுதல் பொறியியலார் செய்து முடிக்கக்கூடிய வேலை. ஆனால், அவ்வாடியை நம்பிப் பல ஆண்டுகள் பொருள் செலவிட்டு வில்லைகளை வாங்கிச் சேர்த்து வைத்திருப்போர்க்கு என்ன விடை கூறுவது? பழைய நிறுவனங்களை உண்மையில் வாட்டியது இவ்வினாவே. இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் என்ன விடை கண்டது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

ஆடி செய்த பணி

முதலில் ஆடியின் பணி யாது என்பதை அறிந்துகொள்வோம். படக்கருவியின் முன்னே வில்லை உள்ளது. பின்னே படச்சுருள் உள்ளது. வில்லை வழியே வரும் ஒளி படச்சுருளின்மீது விழுந்தால்தான் படம் பதியும். ஆனால் படம் எடுக்கும் நொடி வரையில் படச்சுருள்மீது ஒளி படலாகாது. ஆகவே, வில்லை காணும் காட்சியைப் படம் எடுப்பவர் காண வழியில்லை. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்ததே ஆடி.

வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஆடியை 45 பாகைச் சாய்வில் நிறுத்தினால், வரும் ஒளி மேல்நோக்கித் திரும்பும். அங்குள்ள மங்கற் கண்ணாடியில் உருவம் விழும். அவ்வுருவம் இடவலம் மாறித் தோன்றும். ஐம்முகப் பட்டகம் ஒன்றினை அதன்மேல் வைத்தால், உருவம் நேராகித் துளையில் கண் வைத்துப் பார்ப்பவர்க்கு உள்ளது உள்ளவாறே தெரியும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும். அதன் பின்னுள்ள திரை திறக்கும். ஒளி படச்சுருளை அடையும். ஆடி மீண்டும் கீழே இறங்கும். இம்முறை அமைந்த கருவியையே எஸ்.எல்.ஆர். என்பர்.

இக்கருத்து மிகப் பழையது. 1685-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியத் துறவி யோகான் சான், ஆடி பொருத்திய இருட்பெட்டியைப் பற்றி எழுதியுள்ளார். 1861-இல் ஆங்கிலேயரான தாமஸ் சட்டன் அத்தகைய படக்கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், கையடக்கமான கருவியாக அது மலர மேலும் பல்லாண்டுகள் சென்றன.

ஆடியால் ஒரு தொல்லையும் உண்டு. அது மேலெழுந்து இறங்க இடம் வேண்டும். ஆதலின், வில்லையைப் படச்சுருளுக்கு மிக அருகே கொண்டுசெல்ல இயலாது. அகன்ற காட்சியை அடக்கும் வில்லைகளோ, குவியத் தொலைவு குறைந்தவையாதலின், படச்சுருளை ஒட்டி நிற்க வேண்டியவை. 1950-இல் பிரான்சு நாட்டு வில்லை அறிஞர் பியேர் ஆஞ்செனியூ, தொலைவில் நின்றபடியே அகன்ற காட்சியைத் தரும் புதுவகை வில்லை அமைப்பை வெளியிட்டார். அதன் பிறகே இக்குறை ஓரளவு நீங்கிற்று. ஆயினும், அவ்வமைப்பினால் வில்லைகள் பருமனும் எடையும் மிக்கனவாயின. ஆடிக்காகக் கொடுத்த விலை அது.

ஆடிக்கு முற்பட்ட காலம்

1925-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில் லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தது. வெட்சுலர் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் அதனை உருவாக்கினார். திரைப்படத்திற்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் சுருளையே அது பயன்படுத்தியது. 1932-இல் செய்ஸ் ஐகான் நிறுவனம் காண்டாக்ஸ் என்னும் போட்டிக் கருவியை வெளியிட்டது. பின்னர் இவ்வகைக் கருவிகள் தொலைவுமானி முறையில் வளர்ந்தன. அம்முறையில் படம் எடுப்பவர் வில்லையின் வழியே பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள தனித் துளையின் வழியே பார்க்கிறார். அங்குத் தோன்றும் இரண்டு உருவங்கள் ஒன்றுபடும் வரையில் வில்லையைத் திருகித் தெளிவு கூட்டுகிறார்.

ஜப்பானியர் இவ்விரு ஜெர்மானியக் கருவிகளையும் பார்த்தே தொழில் கற்றனர். 1936-இல் வெளிவந்த ஹன்சா கேனன் என்னும் கருவிக்கு வில்லை செய்து கொடுத்தது நிப்பான் கோகாக்கு நிறுவனம். 1917-இல் தோன்றிய அந்நிறுவனமே பிற்காலத்தில் நிக்கான் எனப் பெயர் பெற்றது. பின்னாளில் எதிரெதிரே நின்ற இரு பெரும் நிறுவனங்களும் தொடக்கத்தில் ஒரே கருவியில் கைகோத்து நின்றமை கருதத்தக்கது.

1948-இல் நிப்பான் கோகாக்கு தன் முதற்காமிராவான நிக்கானை வெளியிட்டது. 1950-இல் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ‘லைப்’ இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானில் நிக்கோர் வில்லைகளைக் கண்டு வியந்து, அவற்றைத் தம் லைக்காவில் பொருத்திப் போர்க்களத்திற் பயன்படுத்தினார். ஜெர்மானிய வில்லைகளுக்கு அவை தாழ்ந்தவை அல்ல என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

ஆனால், லைட்ஸ் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட லைக்கா எம்3 தொலைவுமானிக் கருவிகளின் சிகரமாக அமைந்தது. அதன் நோக்குத் துளையின் தெளிவுக்கும் இயக்கத்தின் மென்மைக்கும் ஈடு காண்பது அரிதாயிற்று. அதே வழியில் ஓடி அதனை முந்துவது கடினம் எனக் கண்ட ஜப்பானியர் வேறு வழியை நாடினர். அவ்வழியே ஆடி.

ஆடியின் வெற்றி

35 மில்லிமீட்டர் சுருளும் ஆடியும் இணைந்த கருவிகளுக்கும் ஜெர்மனியே முன்னோடி என்பதை மறத்தல் கூடாது. டிரெஸ்டன் நகரில் 1936-இல் எக்சாக்டா தோன்றியது. அதே நகரில் 1949-இல் ஐம்முகப் பட்டகம் கொண்ட காண்டாக்ஸ் எஸ் தோன்றியது. ஆயினும், இவற்றில் ஒரு குறை இருந்தது. படம் எடுத்தவுடன் மேலெழுந்த ஆடி அப்படியே நின்றுவிடும். அடுத்த படத்திற்குச் சுருளைத் திருகும் வரையில் நோக்குத் துளையில் இருள்தான்.

ஜப்பானில் அசாகி நிறுவனம் 1952-இல் அசாகிபிளெக்ஸ் என்னும் ஆடிக் கருவியைச் செய்தது. 1954-இல், படம் எடுத்த கணமே ஆடி தானாக இறங்கும் அமைப்பை அது தன் கருவியிற் புகுத்தியது. 1957-இல் அசாகி பெண்டாக்ஸ் வந்தது. 1958-இல் மினோல்ட்டா வந்தது. 1959-இல் நிக்கான் எப் வந்தது.

நிக்கான் எப் வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு இரண்டாண்டு முன்பு வெளிவந்த நிக்கான் எஸ்பி என்னும் தொலைவுமானிக் கருவியின் உடலையே நடுவில் பிளந்தாற்போல் ஆக்கி, ஆடிப் பெட்டி ஒன்றைச் செருகி அமைத்ததே அது. தாம் நன்கு கற்ற தொழிலை விட்டுவிடாமல், அதன்மேலேயே புதியதைக் கட்டினர். வில்லைகள், பட்டகங்கள், சுருள் இழுக்கும் பொறிகள் எனத் துணைக்கருவிகள் வரிசையாகப் பெருகின. செய்தியாளர்கள் அதனைத் தம் கைக்கருவியாக ஏற்றுக்கொண்டனர். அதே ஆண்டில் கேனன் வெளியிட்ட ஆடிக் கருவி அத்தகைய வெற்றி பெறவில்லை. கேனன் நிக்கானுக்கு ஒப்பாக எழப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஜெர்மானியர் என் செய்தனர்? லைட்ஸ் நிறுவனம் 1960-களின் இடைப்பகுதியிலேதான் ஆடிக் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. தொலைவுமானியில் தம்மை வெல்வார் இலர் என்ற பெருமிதம் அந்நிறுவனத்தாரைக் காலந்தாழ்த்தச் செய்தது எனலாம். செய்ஸ் ஐகானின் காண்டரெக்ஸ் கைத்திறனுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் சிக்கலான பொறியமைப்பும் மிகுந்த விலையும் உடையது. 1970-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் காமிராத் தொழிலையே கைவிட்டது.

இவ்வீழ்ச்சியின் ஓர் அலை நம் கரையையும் தொட்டது. பிரவுன்சுவைக் நகரின் புகழ்பெற்ற ரோலை நிறுவனம், ஜப்பானியரின் குறைந்த விலையோடு போட்டியிட வேண்டித் தன் உற்பத்தியின் பெரும்பகுதியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. 1970-களில் ரோலை 35 என்னும் சிறு கருவியும் அந்நிறுவனத்தின் ஆடிக் கருவிகளும் இங்குச் செய்யப்பட்டன. 1973-இல் அரசாங்கமும் ரோலையும் கூடி நுண்பொறித் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவின. ஆயினும், 1981-இல் தாய் நிறுவனம் நொடித்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. நுண்பொறித் தொழில் கற்ற கைகள் மட்டும் இந்நாட்டில் எஞ்சின. கருவி மாறும்போது முதலாளிகளின் கணக்கேடு மட்டும் மாறுவதில்லை. எங்கோ ஓர் ஊரில் உழைப்பவரின் வாழ்வும் உடன் மாறுகிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வளையம் என்னும் வாக்குறுதி

வில்லையைக் காமிராவின் உடலோடு பிணைக்கும் உலோக வளையம் ஒன்று உண்டு. இக்கட்டுரையில் அதனைப் பொருத்து வளையம் என்போம். ஒருவர் காமிரா ஒன்றை வாங்குகிறார். ஐந்தாறு ஆண்டில் அதனை மாற்றிவிடலாம். ஆனால் வில்லைகள் அங்ஙனம் அல்ல. அவை இருபது, முப்பது ஆண்டுகள் உழைப்பவை. தந்தை மகனுக்கு விட்டுச் செல்பவை. ஆகவே, ஒரு நிறுவனம் தன் பொருத்து வளையத்தை மாற்றாதிருப்பது, வாங்குவோர்க்கு அது கொடுக்கும் வாக்குறுதியாகும்.

நிக்கான் 1959-இல் அமைத்த எப் வளையத்தை மாற்றவேயில்லை. உள்விட்டம் 44 மில்லிமீட்டர். படச்சுருளுக்கும் வளையத்திற்கும் இடையே 46.5 மில்லிமீட்டர். இவ்வளவுகள் சுருட்காலம் கடந்து இலக்கமுறைக் காலத்திலும் நிலைத்தன. இடையே சிற்சில திருத்தங்கள் நேர்ந்தன. ஆயினும் அடிப்படை அசையவில்லை.

1985-இல் மினோல்ட்டா ஒரு புரட்சி செய்தது. கையால் திருகாமல் கருவி தானே தெளிவு கூட்டும் ‘ஆட்டோபோக்கஸ்’ முறையை உடலிலேயே அமைத்த ஆல்பா 7000 என்னும் கருவி அவ்வாண்டில் வெளிவந்தது. ஏனைய நிறுவனங்கள் திகைத்தன. நிக்கான் 1986-இல் தன் பழைய வளையத்திலேயே ஒரு வழி கண்டது. காமிராவின் உடலில் சிறு மின்பொறியை வைத்து, திருகாணி போன்ற தண்டின் வழியே வில்லையைச் சுழலச் செய்தது. பழைய வில்லைகளும் பயன்பட்டன; புதியனவும் வந்தன. வாக்குறுதி காக்கப்பட்டது.

கேனன் மறுவழி சென்றது. 1987-இல் இஓஎஸ் 650 என்னும் கருவியோடு ஈஎப் என்னும் புதிய வளையத்தை அது அறிவித்தது. ஒவ்வொரு வில்லையிலும் தனித்தனி மின்பொறி அமைந்தது. உடலுக்கும் வில்லைக்கும் இடையே தண்டும் நெம்பும் இல்லை. மின்தொடர்பு மட்டுமே இருந்தது. புதிய வளையத்தின் உள்விட்டம் 54 மில்லிமீட்டர். ஆனால், எப்டி என்னும் பழைய வளையத்திற்கு வில்லைகள் வாங்கியிருந்தோர் கைவிடப்பட்டனர். பழைய வளையத்திற்குரிய தொலைவு 42 மில்லிமீட்டர், புதியதற்கோ 44. ஆகவே, இடையே ஒரு வளையம் வைத்து இணைத்தாலும் பழைய வில்லைகளில் நெடுந்தொலைவுக் காட்சி தெளியாது. திருத்தும் கண்ணாடி ஒன்று கூடுதலாக வேண்டும். பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் பழம்பொருளாயிற்று என வாடிக்கையாளர் மனம் கசந்தனர். அவர்களது சினம் நியாயமானதே.

ஒரு நிறுவனம் சொல் காத்தது. மற்றொன்று சொல் மாற்றியது. இவற்றின் பயனை இரண்டும் முப்பத்தோராண்டு கழித்து அறுவடை செய்தன. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஆடி பயனிழந்த வரலாறு

படச்சுருள் போய் மின் ஒளியுணரி வந்தபோதே ஆடியின் அடித்தளம் ஆட்டங்கண்டது. ஏன் எனின், சுருளைப் போல ஒளியுணரியை இருளில் மறைத்து வைக்க வேண்டியதில்லை. அது தான் காண்பதைத் தொடர்ந்து சிறு திரையிற் காட்டவல்லது. வில்லை காண்பதைக் காண ஆடி தேவையில்லை என்றாயிற்று.

எனினும், ஆடி உடனே மறையவில்லை. மின்திரையிற் காணும் உருவம் தொடக்கத்தில் மங்கலாகவும் காலந்தாழ்த்தும் தோன்றியது. தானே தெளிவு கூட்டும் வேலையும் ஆடியை நம்பியே நடந்தது. ஆடியின் நடுப்பகுதி வழியே சென்ற ஒளி கீழேயுள்ள தனி உணரியை அடைந்து, தெளிவு எப்பக்கம் எவ்வளவு என்பதை ஒரு நொடிக்குள் கூறிவிடும். ஒளியுணரியோ, முன்னும் பின்னும் தேடித் தடவியே தெளிவைக் கண்டது. ஓடும் விளையாட்டு வீரரை அங்ஙனம் பிடிக்க முடியுமா?

2008-இல் ஒலிம்பசும் பானசோனிக்கும் கூடி ஆடியில்லாப் புது முறையை அறிவித்தன. அவ்வாண்டிலேயே பானசோனிக்கின் ஜி1 வெளிவந்தது. 2010-இல் சாம்சங்கும் சோனியும் தத்தம் கருவிகளைக் கொணர்ந்தன. பானசோனிக், சாம்சங், சோனி ஆகிய மூன்றும் மின்னணுத் தொழிலில் வளர்ந்தவை என்பதை நோக்குக. சோனி மட்டும், 2006-இல் காமிராத் தொழிலை விட்டு விலகிய கொனிக்கா மினோல்ட்டாவிடமிருந்து அதன் காமிரா உடைமைகளைப் பெற்று இத்துறையில் ஆழக் கால்பதித்தது. எனினும், நிக்கானுக்கும் கேனனுக்கும் இருந்தது போன்ற பெருந்திரளான பழைய வாடிக்கையாளர் அதற்கு இல்லை. இழக்க அதிகம் இல்லாதவன் துணிவது எளிது.

தயங்கிய ஆண்டுகள்

நிக்கானும் கேனனும் இம்மாற்றத்தை அறியாதிருந்தன என்று கூறுவோர் உளர். அது சரியன்று. நிக்கான் 2011-இல் நிக்கான் 1 என்னும் ஆடியில்லாக் கருவியை வெளியிட்டது. தெளிவு கூட்டும் உணரிகளை ஒளியுணரியிலேயே பதித்து, விரைந்து இயங்கும் திறனை அதற்கு அளித்திருந்தது. ஆனால் அதன் ஒளியுணரி 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர் அளவினதே. பெரிய கருவிகளில் அமைந்த 36-க்கு 24 மில்லிமீட்டர் உணரியின் பரப்பில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. மிகச் சிறந்த அறிவைச் சிறுபிள்ளையின் கைப்பொருளில் அடைத்து வைத்தாற்போல் ஆயிற்று. தன் பெரிய ஆடிக் கருவிகளின் விற்பனையைப் புதியது கெடுத்துவிடலாகாது என்ற அச்சம் அதில் தெரிகிறது.

கேனனும் 2012-இல் இஓஎஸ் எம் என்னும் கருவியை வெளியிட்டது. அதன் இயக்கம் மெதுவாக இருந்தமையால் மதிப்புப் பெறவில்லை. ஆனால் அடுத்த ஆண்டிலேயே கேனன் வேறொன்று செய்தது. ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்து, அதனைக்கொண்டே விரைவாகத் தெளிவு கூட்டும் முறையை இஓஎஸ் 70டி என்னும் கருவியில் அமைத்தது. 70டி ஆடிக் கருவியே! ஆடியை வீழ்த்தப்போகும் கலை ஆடியின் வீட்டிலேயே வளர்க்கப்பட்டது.

அந்த 2013-இல் சோனி ஏ7 வெளிவந்தது. 36-க்கு 24 மில்லிமீட்டர் உணரி, ஆடியில்லாச் சிறிய உடல். அதுவரை ஆடியில்லாக் கருவி என்றால் பொழுதுபோக்குக் கருவி என்றிருந்த எண்ணம் மாறத் தொடங்கிற்று. நிக்கானின் பல கருவிகளுக்கு ஒளியுணரி செய்து கொடுத்ததும் சோனியே. 2017-இல் வந்த சோனி ஏ9, நோக்குத் திரை இருளாமல் நொடிக்கு 20 படங்கள் எடுத்தது. ஆடியின் கடைசி அரண் அன்று வீழ்ந்தது எனலாம். 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் படப்பிடிப்பாளர் அனைவருக்கும் சோனிக் கருவிகளையே வழங்க முடிவு செய்தது. 1950-இல் டங்கன் வழியாக ஜெர்மானியர்க்கு நேர்ந்ததை, எழுபது ஆண்டு கழித்து நிக்கானும் கேனனும் நினைத்துப் பார்த்திருத்தல் வேண்டும்.

ஆற்றைக் கடந்த ஆண்டு

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நிக்கான் இசட் வரிசையையும், செப்டம்பர் மாதத்தில் கேனன் இஓஎஸ் ஆர் கருவியையும் அறிவித்தன. அதே செப்டம்பரில் லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் ஒரே வளையத்தைப் பயன்படுத்துவதென உடன்பாடு செய்துகொண்டன.

நிக்கானின் புதிய வளையத்தின் உள்விட்டம் 55 மில்லிமீட்டர். உணரியிலிருந்து தொலைவு 16 மில்லிமீட்டர் மட்டுமே. முன்பு 44-ம் 46.5-மாக இருந்ததை நினைவு கூர்க. கேனனின் புதிய வளையம் பழைய 54 மில்லிமீட்டர் விட்டத்தையே காத்து, தொலைவை 44-இலிருந்து 20-ஆகக் குறைத்தது. ஆடி நின்ற இடம் வில்லைக்குக் கிடைத்தது. ஆஞ்செனியூ காலந்தொட்டு வில்லைப் பொறியாளர் சுமந்த தளை அறுந்தது. அதுவரை செய்தற்கரிய வில்லைகளை இரு நிறுவனங்களும் செய்து காட்டின.

இனிப் பழைய வில்லைகளின் கதி என்ன? புதிய வளையத்தின் தொலைவு குறைவாதலின், எஞ்சிய இடைவெளியை நிரப்ப ஓர் இணைப்பு வளையம் போதும். திருத்தும் கண்ணாடி வேண்டியதில்லை. ‘அடாப்டர்’ என வழங்கும் இவ்விணைப்பை இரு நிறுவனங்களும் முதல் நாளிலேயே வெளியிட்டன. 1987-இல் கேனன் செய்ய இயலாததை இம்முறை அதன் அளவுகளே இயலச் செய்தன.

இங்கேதான் முன்பு விதைத்ததன் அறுவடை தெரிந்தது. கேனனின் ஈஎப் வில்லைகளில் மின்தொடர்பைத் தவிர வேறு பிணைப்பு இல்லை. ஆகவே, அவை இணைப்பு வளையத்தின் வழியே புதிய உடலில் பழையபடியே இயங்கின. அன்று வாடிக்கையாளரைக் கசக்கச் செய்த அதே முடிவு, இன்று அவர்தம் பிள்ளைகளுக்கு ஆற்றைக் கடக்கும் பாலமாயிற்று. நிக்கானுக்கோ, அறுபது ஆண்டுகள் சொல் காத்ததன் விளைவாகத் தண்டுகளும் நெம்புகளும் கொண்ட பல தலைமுறை வில்லைகள் சேர்ந்திருந்தன. அதன் இணைப்பு வளையத்தில் நெம்பை அசைக்கும் பொறி உண்டு. திருகாணித் தண்டைச் சுழற்றும் மின்பொறி இல்லை. ஆகவே, தனக்கென மின்பொறி இல்லாத பழைய வில்லைகள் புதிய உடலில் பொருந்தும். ஆனால் தாமே தெளிவு கூட்டமாட்டா. கையால் திருக வேண்டும்.

இதனால் நிக்கான் செய்தது தவறு என முடிவு கட்டலாமா? ஆகாது. அறுபது ஆண்டுகளில் எத்தனையோ பேர் அந்நிறுவனத்தின் சொல்லை நம்பி வாங்கி, நம்பியபடியே பயனும் அடைந்தனர். கேனனின் துணிவையும் வெறும் துரோகம் என்றல் பொருந்தாது. உறவை அறுக்கத்தான் வேண்டுமெனின், எதிர்காலத்தில் மீண்டும் அறுக்க வேண்டாத வகையில் அறுத்தல் வேண்டும் என்பதை அது காட்டிற்று. சொல் காத்தலுக்கும் ஒரு விலை உண்டு. சொல் மாற்றுதலுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார் என்பதே வேறுபாடு.

பிறர் கண்ட வழிகள்

2021-இல் நிக்கான் வெளியிட்ட இசட்9 கருவியில் ஆடி மட்டுமன்றிப் பொறித் திரையும் இல்லை. எல்லாம் ஒளியுணரியிலேயே நடைபெறுகிறது. அவ்வாண்டின் இறுதியில் கேனனின் தலைவர் புஜியோ மித்தராய், 2020-இல் வெளிவந்த 1டி எக்ஸ் மூன்றாம் வடிவமே தம் தலைசிறந்த ஆடிக் கருவி வரிசையில் இறுதியானது என அறிவித்தார். தாமதித்துத் தொடங்கிய இருவரும் விரைந்து நடந்து இழந்த நிலத்தில் பெரும்பகுதியை மீட்டனர்.

முதலில் துணிந்தவர் எல்லோரும் வென்றனர் என்பதும் இல்லை. சாம்சங் சில ஆண்டுகளில் இத்தொழிலை விட்டே நீங்கியது. 1936 முதல் காமிரா செய்துவந்த ஒலிம்பஸ், ஆடியில்லா முறைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. அதுவே 2020-இல் தன் காமிராப் பிரிவைப் பிறர்க்கு விற்க நேர்ந்தது. முந்தி நடந்தால் மட்டும் போதாது. நெடுந்தொலைவு நடக்கக் கைப்பொருளும் வேண்டும்.

பெண்டாக்ஸ் வேறு வழி சென்றது. பல கைகள் மாறி 2011-இல் ரிக்கோவை அடைந்த அந்நிறுவனம், ஆடிக் கருவியையே தொடர்ந்து செய்வோம் என 2020-இல் உறுதி கூறி, 2021-இல் கே-3 மூன்றாம் வடிவத்தை வெளியிட்டது. ஆடியை இறங்கச் செய்தவர்கள் ஆடியோடு நிற்பது ஒரு வகையிற் பொருத்தமே. லைக்காவோ, 1954-இல் வகுத்த எம் வளையத்தை இலக்கமுறைக் கருவிகளிலும் காத்து வருகிறது. ஆடிக் காலத்தில் பின்தங்கிய அத்தொலைவுமானிக் கருவி, ஆடி போன பின்னும் சிலரின் பேரன்பிற்குரிய பொருளாய் வாழ்கிறது. சிறு கூட்டத்திற்கு உயர்ந்த விலையில் விற்பதும் ஒரு பிழைப்பு வழியே.

சுருங்கிய சந்தை

இவ்வளவு போராட்டமும் எத்தகைய நிலத்திற்காக நடந்தது? ஜப்பானியக் காமிராத் தொழிற்சங்கமான சி.ஐ.பி.ஏ.யின் கணக்குப்படி, 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட இலக்கமுறைக் காமிராக்கள் 12 கோடிக்கு மேற்பட்டவை. 2020-இல் அத்தொகை 90 லட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. கைப்பேசியே படக்கருவியானது இதற்குப் பெருங்காரணம். 2012-இல் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சமாக இருந்த ஆடிக் கருவிகள், 2023-இல் ஏறத்தாழ 12 லட்சமாகக் குறைந்தன. 2020-இல் ஆடியில்லாக் கருவிகள் ஆடிக் கருவிகளை எண்ணிக்கையில் முந்தின. 2023-இல் ஏறத்தாழ 48 லட்சமாயின. நிக்கான் தன் சென்டாய்த் தொழிற்சாலையில் நடந்துவந்த காமிரா உற்பத்தியைத் தாய்லாந்துக்கு மாற்ற 2020-இல் முடிவு செய்தது. ஜெர்மனியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரோலையின் பயணத்தை இது நினைவூட்டவில்லையா?

முடிவுரை

ஆடியின் வரலாறு இரண்டு கடத்தல்களின் வரலாறு. 1950-களில் தொலைவுமானியிலிருந்து ஆடிக்குக் கடந்தது ஒன்று. 2018-இல் ஆடியிலிருந்து ஆடியின்மைக்குக் கடந்தது மற்றொன்று. முதற்கடத்தலில் ஜெர்மானியர் இருந்த இடத்தில்தான் இரண்டாம் கடத்தலில் ஜப்பானியர் நின்றனர். தாம் யாரை வென்றோம், எதனால் வென்றோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தும் ஏழெட்டு ஆண்டுகள் தயங்கினர். வரலாறு அறிந்திருத்தல் தயக்கத்தை முற்றும் நீக்குவதில்லை. ஆயினும், தயங்கியவர் முழுதும் வீழாமல் காத்துக்கொள்ள அது உதவுகிறது.

நிக்கான் எப் தோன்றியபோது பொறியாளர் பழைய உடலை எறிந்துவிடவில்லை. அதனைப் பிளந்து புதியதற்கு இடம் செய்தனர். 2018-இலும் பழைய வில்லைகளை எறியச் சொல்லவில்லை; இடையே ஒரு வளையம் வைத்தனர். தம் தொழிலின் உயிர் வில்லையில் உள்ளதே அன்றி ஆடியில் இல்லை என உணர்ந்த பின்னரே அவர்களால் ஆடியை விட முடிந்தது. எதனை விடலாம், எதனை விடலாகாது என்று பகுத்தறியும் அவ்வுணர்வுக்கே அவர்கள் அத்தனை ஆண்டுகளை விலையாகக் கொடுத்தனர்.